‘சத்தம் வருதுங்க’ன்னு சொன்னா போதாது: புது எஸ்யூவி புகார்களை எப்படிப் பிரிக்கிறது?

கொஞ்ச நாளா உங்ககிட்ட இருந்து வர்ற மெசேஜ்ல பாதி ஒரே மாதிரிதான் இருக்கு. “புது எஸ்யூவி எடுத்து ஒன்றரை வருஷம்தான் ஆகுது ப்ரோ, அதுக்குள்ள டேஷ்போர்டுல லைட் எரியுது, ஸ்கிரீன் ஹேங் ஆகுது, அடியில சத்தம் கேக்குது. ஏமாந்துட்டோமா?” இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம். முதல்ல எங்க வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க அப்பா ஒரு நூல் மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவரு. ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்துல பெரும் பங்கு ஒரு ஏழு சீட் டீசல் எஸ்யூவிக்குப் போச்சு. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. இந்தக் கதைக்கு அது முக்கியமும் இல்லை.

ரெண்டாவது வருஷத்திலேயே மூணு பிரச்சினை. ஒண்ணு, டிபிஎஃப் லைட் அடிக்கடி எரிஞ்சது. ரெண்டு, ஸ்கிரீன் திடீர்னு கறுத்துப் போய்த் திரும்ப வந்தது. மூணு, முன்பக்கம் இடதுபுறத்துல ஒரு ‘டொக்’ சத்தம். அப்பா மூணு தடவை சர்வீஸ் சென்டருக்குப் போனாரு. மூணு தடவையும் “எல்லா வண்டியும் இப்படித்தானுங்க சார்” அப்படின்னு சொல்லித் தண்ணி ஊத்திக் கழுவிக் குடுத்துட்டாங்க.

வாரண்டி முடிய ரெண்டு மாசம் இருக்கறப்பத்தான் நான் பழைய ஜாப் கார்டை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மூணுலயும் ‘ஜெனரல் செக்கப்’ அப்படின்னு மட்டும் எழுதியிருந்தது. சத்தம்ங்கிற வார்த்தையே இல்லை. அதாவது, காகிதத்தைப் பொறுத்தவரை எங்க வண்டியில இதுவரைக்கும் எந்தக் குறையும் வந்ததே இல்லை. வாரண்டி முடிஞ்ச மறுநாள் அந்த பார்ட் உடைஞ்சா அது புதுப் பிரச்சினை, செலவு எங்களோடது.

அப்பாகிட்ட கேட்டேன், “ஏம்ப்பா எழுதச் சொல்லல?” அவரு சொன்ன பதில், “போச்சாது விடு சாமி, அந்தப் பையனும் என்ன பண்ணுவான்.”

நம்ம ஊர்க்காரங்களுக்கு இந்தப் ‘போச்சாது’ நல்லாப் புரியும். மனுசங்ககிட்ட பழகறதுக்கு அது நல்ல குணம்தான். இருபது லட்ச ரூபா வண்டிக்கு அது சரிப்படாது.

மூணு டப்பா

நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். ஒரு பக் வந்தா நாங்க முதல்ல கேக்கறது, தப்பு எங்கே இருக்கு? பயன்படுத்தற விதத்துலயா, கோடுலயா, ஹார்டுவேர்லயா? கார் புகாரையும் அப்படியே மூணு டப்பாவாப் பிரிக்கலாம். எந்த டப்பான்னு தெரிஞ்சா பாதி சண்டை மிச்சம்.

முதல் டப்பா: நாம ஓட்டற விதம்

டிபிஎஃப்-ன்னா டீசல் புகையில இருக்கிற கரித்துகளைப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்ததுக்கு அப்புறம் டீசல் கார்கள்ல இது சாதாரணமாகிடுச்சு. பிடிச்ச கரியை அப்பப்ப எரிச்சுச் சாம்பலாக்கணும். அதுக்குப் புகையோட சூடு 600 டிகிரி செல்சியஸ் பக்கம் போகணும். இன்ஜின் கொஞ்சம் கூடுதலா டீசலைத் தெளிச்சு அந்தச் சூட்டை உண்டாக்கும். ஆனா வண்டி சுமார் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல, நிக்காம 15, 20 நிமிஷமாவது ஓடினாத்தான் அந்த வேலை முழுசா முடியும்.

இப்ப அப்பாவோட ஓட்டத்தைப் பாருங்க. வீடு வடவள்ளி. காலையில அக்கா பொண்ணை ஸ்கூல்ல விடறது, 4 கிலோமீட்டர். உழவர் சந்தை. கிருத்திகைன்னா மருதமலை அடிவாரம். மாசத்துக்கு 400 கிலோமீட்டர்கூட ஓடாது. ஃபில்டர் எரிக்க ஆரம்பிக்கும், அதுக்குள்ள வீடு வந்துரும், இவரு சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிருவாரு. தினமும் இதே கதை.

அவினாசி ரோட்டுல 2025 அக்டோபர்ல திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் இருக்கில்ல, அதோட நீளம் 10.1 கிலோமீட்டர். அந்த மொத்தப் பாலத்தையும் 60ல போனாலும் பத்து நிமிஷம்தான். அதுவே பத்தாதுன்னா ஸ்கூல் டிரிப் எப்படிப் பத்தும்?

இதுல இன்னொரு சிக்கல். எரிக்கறது பாதியில நின்னுக்கிட்டே இருந்தா, தெளிச்ச டீசல்ல கொஞ்சம் இன்ஜின் ஆயிலோட கலந்துரும். டிப்ஸ்டிக்ல ஆயில் மட்டம் குறையறதுக்குப் பதிலா ஏறும். ‘ஆயில் குறையவே இல்லை, நல்ல வண்டி’ன்னு சந்தோஷப்படாதீங்க. ஆயில் நீர்த்துப் போனா இன்ஜினுக்குத்தான் கேடு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவும் நானும் நீலாம்பூர் தாண்டிப் பெருந்துறை வரைக்கும் போய், ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்தோம். லைட் போயிருச்சு. ஆக, மூணு புகார்ல ஒண்ணு எங்க தப்பு. நகரத்துக்குள்ள மட்டும் ஓட்டறவங்களுக்கு பெட்ரோல் வண்டிதான் சரி. ஷோரூம்ல இதை யாரும் எங்களுக்குச் சொல்லல, நாங்களும் கேக்கல. ஒரு எச்சரிக்கை: லைட் மினுக்க ஆரம்பிச்சாலோ, வண்டி இழுவை குறைஞ்சாலோ இந்த வைத்தியம் வேண்டாம். மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதைச் செய்யுங்க, நேரா சர்வீஸுக்குப் போங்க.

அடாஸ் புகார்லயும் பாதி இந்த டப்பாதான். முன்னாடி பம்பர் இல்லேன்னா கிரில் பகுதியில ரேடார், கண்ணாடிக்குப் பின்னாடி கேமரா. ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்க வண்டியில அடாஸ் வேலை செய்யலன்னு எச்சரிக்கை வந்தது. பார்த்தா, ரேடாருக்கு நேரா மொத்தமா ஒரு சாமந்தி மாலை, மேல சந்தனம். மாலையைக் கழட்டித் துடைச்சதும் சரியாயிருச்சு. எலுமிச்சை மிளகாய் கட்டறவங்களும், எக்ஸ்ட்ரா கம்பி, கிரில் மாட்டறவங்களும் சென்சார் எங்கே இருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்குங்க. முன்கண்ணாடி மாத்தினா கேமராவைத் திரும்ப கேலிபரேட் பண்ணச் சொல்லிக் கேளுங்க.

ரெண்டாவது டப்பா: சாஃப்ட்வேர்

ஸ்கிரீன் ஹேங், போன் கனெக்ட் ஆகாதது, மீட்டர் திடீர்னு கறுத்துப் போறது, இதெல்லாம் பெரும்பாலும் அப்டேட்ல சரியாகும். எங்க வண்டிக்கும் ஒரு அப்டேட் காத்துக்கிட்டு இருந்திருக்கு, யாரும் போடல. அவ்வளவுதான்.

அதுக்காக ‘சாஃப்ட்வேர்தானே’ன்னு விட்டுரவும் கூடாது. 2022 அக்டோபர்ல கியா கம்பெனி 44,174 கேரன்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைச்சது. காரணம், ஏர்பேக் கன்ட்ரோல் மாட்யூல் சாஃப்ட்வேர்ல பிழை இருக்கான்னு சோதிக்க. பாட்டு பாடாத ஸ்கிரீனும் சாஃப்ட்வேர்தான், விபத்துல விரியாத ஏர்பேக்கும் சாஃப்ட்வேர்தான். சர்வீஸுக்கு விடும்போது “என் வண்டிக்கு அப்டேட் ஏதாச்சும் பாக்கி இருக்குங்களா?” அப்படின்னு ஒரு கேள்வி கேட்டுருங்க.

மூணாவது டப்பா: நிஜமாவே பார்ட்ல கோளாறு

இங்கதான் மஹிந்திரா எக்ஸ்யூவி700 நல்ல உதாரணம். 2021ல வந்த வண்டி. நம்ம செங்கல்பட்டு பக்கத்துல இருக்கிற மஹிந்திரா ரிசர்ச் வேலி இன்ஜினியருங்க உழைப்பு அதுல இருக்கு. நல்லா வித்த வண்டி. அதுக்கும் ரீகால் வந்தது.

2022 டிசம்பர்ல ஒண்ணு. 12,566 எக்ஸ்யூவி700, 6,618 ஸ்கார்பியோ-என், எல்லாம் மேனுவல் கியர். கிளட்ச் பெல் ஹவுசிங் உள்ள இருக்கிற ரப்பர் பெல்லோஸ்ல அளவு பிரச்சினை. எல்லாமே 2022 ஜூலை 1ல இருந்து நவம்பர் 11க்குள்ள தயாரிச்ச வண்டிகள். பார்ட் சப்ளை பண்ணின இடத்துல தரம் பிரிக்கறதுல நடந்த தப்பு.

2023 ஆகஸ்ட்ல இன்னொண்ணு, இன்னும் பெருசு. 2021 ஜூன் 8ல இருந்து 2023 ஜூன் 28 வரைக்கும் தயாரான 1,08,306 வண்டிகள். இன்ஜின் பகுதியில வயரிங் உரசித் தேயற அபாயம் இருக்கான்னு பார்க்க.

இந்தத் தேதிகளைக் கவனிங்க. ஒரே மாடல், ஒரே கலர், ஆனா ஜூன்ல தயாரான வண்டிக்குக் கிளட்ச் ரீகால் கிடையாது, ஆகஸ்ட்ல தயாரானதுக்கு உண்டு. அதனால “என் ஃப்ரெண்டு அதே வண்டிதான் வச்சிருக்கான், அவனுக்கு ஒண்ணும் இல்லையே”ங்கிற வாதம் செல்லாது. ஆர்சி புக்குல தயாரான மாசமும் 17 இலக்க சேசிஸ் நம்பரும் இருக்கும். அதை வச்சு டீலர்கிட்டயே கேக்கலாம். செகண்ட்ஹேண்ட்ல வாங்கினவங்க கட்டாயம் கேளுங்க, ஏன்னா ரீகால் தகவல் பழைய ஓனர் போனுக்குப் போயிருக்கலாம்.

சின்னக் குறைன்னு நினைக்கறதுகூட ரீகாலா வரும். 2025 நவம்பர்ல மாருதி 39,506 கிராண்ட் விட்டாராவைத் திரும்ப அழைச்சதுக்குக் காரணம், பெட்ரோல் முள்ளும் அதோட எச்சரிக்கை விளக்கும் தப்பாக் காட்டலாம்ங்கறது. “டேங்க்ல இருக்குன்னு காட்டுச்சு, நடுரோட்டுல நின்னுருச்சு”ன்னு சொன்னவரை நாம கிண்டல் பண்ணியிருப்போம், இல்லையா?

புகாரை எப்படிச் சொல்றது?

எங்க ஆபீஸ்ல யாராவது ‘ஆப் வேலை செய்யல’ன்னு மட்டும் டிக்கெட் போட்டா அதை அப்படியே திருப்பி அனுப்பிருவோம். எப்ப, எங்கே, என்ன பண்ணும்போதுன்னு வேணும். நாலாவது தடவை அப்பாகூட நான் போனேன். ஒரு தாள்ல இப்படி எழுதிக் குடுத்தோம்: “முன்பக்கம் இடது சக்கரம். காலையில முதல் ஓட்டத்துல. 15, 20 வேகத்துல வேகத்தடையை விட்டு இறங்கறப்ப மட்டும். ரெண்டு பேர் உட்கார்ந்தாலும் வருது, ஏசி ஆஃப்லயும் வருது. வீடியோ இருக்கு.”

ராத்திரியே வண்டியை அங்க விட்டோம், காலையில இன்ஜின் ஆறியிருக்கறப்ப டெக்னீஷியனையே பக்கத்துல உட்கார வச்சு ஓட்டினோம். ரெண்டாவது வேகத்தடையிலேயே அவரு சொல்லிட்டாரு, “ஸ்டெபிலைசர் லிங்க்குங்க.” வாரண்டியில மாத்தினாங்க. ஒரு பைசா செலவில்லை. அவரும் நல்ல மனுசன்தான். முன்னாடி மூணு தடவையும் வண்டி மத்தியானம் சூடா இருக்கறப்பத்தான் அவர் கைக்குப் போயிருக்கு. கேக்காத சத்தத்தை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதனால மூணு பழக்கம் வச்சுக்குங்க. புகாரை உங்க வார்த்தையிலேயே ஜாப் கார்டுல எழுதினதுக்கு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. வண்டி எடுக்கறப்ப என்ன பண்ணினாங்கன்னு எழுதி வாங்குங்க. “எல்லா வண்டியும் இப்படித்தான்”ன்னு சொன்னா, “சரிங்க, அதையே எழுதிக் குடுத்துருங்க”ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. மரியாதையும் குறையாது, ஆதாரமும் கிடைக்கும்.

அப்பவும் நடக்கலைன்னா?

மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல ஒரு திருத்தம் வந்தது. அதுல 110ஏ பிரிவுப்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவு போடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல்ல இருக்கு, 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. வாகன் இணையதளத்துல இதுக்குன்னே புகார் பக்கம் இருக்கு. ஒரே குறையைப் பல பேர் அங்க பதிவு பண்ணினாத்தான் அது கணக்குல ஏறும். ‘போச்சாது’ன்னு விடற ஒவ்வொருத்தரும் அந்தக் கணக்குல ஒண்ணைக் குறைக்கிறோம். அந்தக் குறை பிரேக்கா இருந்தா, பாதிக்கப்படறது நமக்குத் தெரியாத இன்னொரு குடும்பமா இருக்கலாம்.

தனிப்பட்ட இழப்புக்கு முதல்ல 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரைக்கும் விலை குடுத்து வாங்கின பொருளுக்கு அங்கேயே போகலாம், நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே. கட்டணம் 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 400 ரூபா, 20 முதல் 50 லட்சம் வரைக்கும் 1,000 ரூபா. ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். அங்கயும் முதல்ல கேக்கறது அதே ஜாப் கார்டைத்தான். தயாரிப்புலயே குறைன்னு நீங்க சொன்னா, ஆதாரமும் நிபுணர் அறிக்கையும் கேப்பாங்க.

இப்ப அப்பா டேஷ்போர்டு டிராயர்ல ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருக்காரு. தேதி, கிலோமீட்டர், என்ன சத்தம், எல்லாம் மில்லு ஷிப்ட் ரெஜிஸ்டர் மாதிரி அழகா எழுதறாரு. போன வாரம் பார்த்தேன், கடைசி வரி: “பின் கதவு லேசாகக் கிறீச். மழைக்குப் பின் மட்டும்.”

உங்க வண்டியில என்ன பிரச்சினைன்னு எழுதி அனுப்புங்க. ஆனா எப்ப, எங்கே, எந்த வேகத்துலன்னு சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டுங்களா!