வேலை கிடைத்த சொல் பிழைத்தது

கோட்டையைச் சுற்றித் தமிழில் வழங்கிய சொற்களை அடுக்கிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சுற்றுச்சுவருக்கு மட்டும் மதில், எயில், புரிசை, இஞ்சி, சோ என்று ஐந்து. அதைச் சூழ்ந்த நீர்ப்பள்ளத்துக்கு அகழி, கிடங்கு. மறைந்து நின்று அம்பெய்யச் சுவரில் அமைத்த இடம் ஞாயில். உட்புறத்து மேடை பதணம். முற்றுகையிடுவோர் உழிஞைப் பூவும் உள்ளிருந்து காப்போர் நொச்சிப் பூவும் சூடினர். பூவின் பெயரே போரின் பெயருமாயிற்று. இவற்றில் பல இன்று யார் வாயிலும் இல்லை. நம் அலட்சியத்தால் அழிந்தன என்று வருந்துவோர் உண்டு. எனக்கோ காரணம் வேறு என்று தோன்றுகிறது. போருக்கு வெளியே எந்தச் சொல்லுக்கு ஒரு வேலை கிடைத்ததோ அது பிழைத்தது. கிடைக்காதது நிகண்டுக்குள் போய் அடங்கியது.

ஐந்து பெயர்களும் ஒரே சுவருக்குத்தானே, பாட்டில் சீருக்கும் எதுகைக்கும் ஏற்பப் புலவர்கள் மாற்றிப் போட்டுக்கொண்டவைதானே என்று கேட்கலாம். உயரம் மட்டும் இருந்தால் மதில், அகலமும் சேர்ந்தால் எயில், திண்மையும் சேர்ந்தால் இஞ்சி என்று தமிழறிஞர் சிலர் வகுத்துக் காட்டியதுண்டு. அழகான பகுப்பு, ஆனால் பழம்பாடல்கள் அந்தக் கறாரைக் கடைப்பிடிப்பதாகத் தெரியவில்லை. ஆகவே சுவரின் பெயர்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமானதே. கோட்டையின் உறுப்புகளுக்கும் கருவிகளுக்கும் அது பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலில் இருந்த பொறிகளைப் பெயர் பெயராகச் சொல்கிறது: தானே வளைந்து எய்யும் வில், கல்லெறியும் கவண், கொதிக்கும் நெய், கீழே நிற்பவனைக் கோத்து இழுக்கும் தூண்டில், விளிம்பைப் பற்றும் கையைக் குத்தும் ஊசி. இத்தனையும் உண்மையில் மதுரையில் இருந்தனவா, காவிய மிகையா என்பது வேறு வழக்கு. சுவரேறி வருகிற ஆள்தான் அந்தக் காலத்தின் அச்சம் என்பதை அந்தப் பட்டியல் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

பீரங்கி வந்ததும் அச்சம் இடம் மாறியது. உயர்ந்து மெலிந்த சுவர் குண்டுக்கு எளிய இலக்கு. சுவர் தடிக்க வேண்டியிருந்தது. மூலைகளில் வெளியே புடைத்து நிற்கும் மேடைகள் வேண்டியிருந்தன. அங்கே பீரங்கியை நிறுத்தினால் சுவரின் அடிவாரம் முழுவதையும் பக்கவாட்டில் சுடலாம். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அங்குள்ள கோட்டையை ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டியது இந்தக் கணக்கில்தான். அந்த மேடையைக் குறிக்கும் கொத்தளம் என்ற சொல் கோட்டைக்கு இணையாக நின்றதும் இதனால்தான். தமிழ்நாட்டில் அது இன்றும் உயிரோடிருக்கக் காரணம் போர் அன்று, கொடி. 1974இல் முதலமைச்சர் கருணாநிதி சென்னைக் கோட்டைக் கொத்தளத்தில் சுதந்திர தினக் கொடியை ஏற்றினார். அதிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அந்தச் சொல்லைச் செய்தியாக்குகிறது.

மற்றவையும் இப்படியே பிழைத்தன. மதில், கோயிலில் திருமதிலாகவும் வீட்டில் மதில்சுவராகவும் ஒதுங்கிக்கொண்டது. கிடங்கு என்றால் இன்று நெல்மூட்டை அடுக்கிய கட்டடம்தான் மனத்தில் எழும். நீரையும் மலையையும் காட்டையும் உறுப்பாகக் கொண்டு வள்ளுவர் பேசிய அரண், எந்தப் பாதுகாப்புக்கும் பொதுப்பெயராயிற்று. தஞ்சாவூரில் கீழ அலங்கம், மேல அலங்கம் என்னும் தெருப்பெயர்களில் கோட்டைச்சுவரின் பெயர் தங்கியிருக்கிறது. மதுரையில் ஆட்சியர் பிளாக்பர்ன் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் தாங்க, கோட்டைக்குப் புறம் எது என்பதை வெளி வீதிகள் இன்னும் சொல்கின்றன. ஞாயிலுக்கு இப்படி ஒரு புகலிடம் வாய்க்கவில்லை. எந்த வீட்டுக்கும் அது தேவைப்படவில்லை, எந்தத் தெருவும் அதன் பெயரை வாங்கிக்கொள்ளவில்லை.

ஆண்டவர்கள் மாற மாற அவர்களுடைய சொல் பழைய சொல்லைத் தள்ளிவிட்டது என்றும் சொல்லலாம். அதிகாரத்துக்குப் பங்கில்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அதிகாரம் மட்டுமே காரணமென்றால் அகழியும் மதிலும் எப்படி நிலைத்தன? சென்னையில் இன்னொரு சான்று உண்டு. ஹைதர் அலியின் படை 1760களின் இறுதியில் சென்னை வரை வந்து அச்சுறுத்திய பின், அங்கிருந்த கருப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர் சுவர் எழுப்பினார்கள். அதற்கென விதிக்க எண்ணிய வரியின் பெயரில் வால்டாக்ஸ் சாலை வழங்குகிறது. அந்தச் சுவரில் மாடிப் பூங்காவாக ஒரு துண்டுதான் மிச்சம். ஆண்டவர்கள் போய்விட்டார்கள்; வண்டிக்காரருக்கு வழி சொல்லப் பயன்பட்டதால் பெயர் நின்றது.

இது சரியென்றால் இழந்த சொற்களை மீட்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. முகலாயப் படையை 1690 முதல் 1698 வரை எதிர்த்து நின்ற செஞ்சிக் கோட்டை, 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று. இனி அங்கே கூட்டம் பெருகும். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்குள்ள ராஜகிரி மலையின் சுவர்த்துளையைக் காட்டி வெறும் ‘ஓட்டை’ என்று சொல்லாமல் ஞாயில் என்று சொல்ல ஒரு வழிகாட்டி போதும். கூடவே ஒரு பெயர்ப்பலகை.