புரண்டு படுத்தால் தலை சுற்றுகிறதா?

கட்டிலில் புரண்டு படுத்தால் வீடே சுழல்கிறது. முருங்கைக்காய் பறிக்க அண்ணாந்தால் தலை கிறுகிறுக்கிறது. கிணற்றடியில் குனிந்து முழுகும்போது விழப்பார்க்கிறது. உரும்பிராயில் நான் வீடுகளுக்குச் செல்லும்போது பெண்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. "பிரஷராக்கும்", "எல்லாம் யோசினைதான்" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். போரில் கணவனையோ பிள்ளையையோ இழந்தவளுக்கு எந்த வருத்தம் வந்தாலும் மனக்கவலை என்றே அயலவரும் முடித்துவிடுகிறார்கள். கவலை இருப்பது உண்மைதான். ஆனால், இந்தச் சுற்றலுக்குக் காதுக்குள் ஒரு காரணம் இருக்கலாம்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

நாம் விழாமல் நிற்க உதவும் உறுப்பு உட்காதில் உள்ளது. அதில் கல்சியத்தாலான நுண்ணிய பளிங்குத் துணிக்கைகள் ஒட்டியிருக்கும். அவை கழன்று அருகிலுள்ள அரைவட்டக் குழாய்களுக்குள் புகுந்தால், தலையை அசைக்கும்போது மூளைக்குத் தவறான செய்தி போகும். உலகம் சுழல்வதுபோல் இருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். வைத்தியர்கள் இதை 'பி.பி.பி.வி.' என்பார்கள். இதனால் உயிராபத்து இல்லை. ஆனால் கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், தனியே குடும்பம் சுமப்பவளின் நிலை என்ன?

யாருக்கு அதிகம் வரும்?

• ஆண்களை விடப் பெண்களுக்கு, அதிலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு.

• தலையில் அடிபட்டவர்களுக்கு. செல்வீச்சு, விபத்து, வீட்டு வன்முறை எதுவாயினும் சரி. அடிபட்ட சில நாட்களில் அல்லது வாரங்களில் தொடங்கி, பின்னர் திரும்பவும் வரலாம்.

• எலும்பு தேய்ந்தவர்களுக்கும் விற்றமின் டி குறைந்தவர்களுக்கும். யாழ்ப்பாணத்து வெயில் இருப்பதால் குறைவு வராதென்று எண்ண வேண்டாம். குறைவு உள்ளவர்களுக்கு விற்றமின் டியும் கல்சியமும் கொடுத்தபோது இந்நோய் திரும்ப வருவது குறைந்ததாக, 2020 இல் வெளியான தென்கொரிய ஆய்வு காட்டியது.

• நெடுநாள் படுக்கையில் இருந்தவர்களுக்கு, உட்காதில் அழற்சி வந்தவர்களுக்கு, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு.

காரணம் எதுவும் தெரியாமலும் பலருக்கு வருவதுண்டு.

என்ன செய்யலாம்?

குளிகை குமட்டலைக் குறைக்கும், துணிக்கையை நகர்த்தாது. தலையைக் குறித்த ஒழுங்கில் திருப்பித் துணிக்கைகளைப் பழைய இடத்துக்கு அனுப்பும் முறையை ஈப்லி என்ற அமெரிக்க வைத்தியர் 1992 இல் வெளியிட்டார். சில நிமிடங்களே எடுக்கும். பலருக்கு ஓரிரு தடவையில் சுகமாகும். யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ காயமோ செல் துண்டோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காலையில் சற்று நேரம் கட்டிலில் இருந்துவிட்டு எழும்புங்கள். சுற்றல் உள்ள நாட்களில் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதையும் ஏணியில் ஏறுவதையும் தவிருங்கள்.

சுற்றலோடு பேச்சுக் குழறினால், கைகால் சோர்ந்தால், பார்வை இரட்டையானால், நிற்க முடியாத தள்ளாட்டமோ கடும் தலைவலியோ திடீரெனக் காது கேளாமையோ வந்தால், தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

சகோதரிகளே, கிளினிக்கில் "தலைச்சுற்று" என்று மட்டும் சொல்லித் திரும்பாதீர்கள். எந்தப் பக்கம் திரும்பினால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, முன்பு எப்போதாவது தலையில் அடிபட்டதா என்பவற்றையும் சொல்லுங்கள். வைத்தியர் நோயைக் கண்டுபிடிக்க அந்த விபரங்களே வழிகாட்டும்.