சோகக் கதை இல்லாவிட்டால் லாயர் ஆக முடியாதா?

சிங்கப்பூர் தேக்காவில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பாடு. பள்ளிக் கட்டணம் ஒரு மாதமும் தவறியதில்லை. இங்கிலாந்தில் சட்டம் படிக்க ஆசைப்படுகிறான். விண்ணப்ப பாரத்தில் தன்னைப் பற்றி எழுத வேண்டும் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான்.

"எழுதுவதற்கு எனக்கு என்ன கஷ்டம் இருக்கிறது, அப்பா?"

"ஏன், உன் தாத்தா ஜொகூர் தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டுக்கு நின்றவர்தானே? அதை எழுது!"

நம்மில் பலரும் இப்படித்தான் சொல்லுவோம். ஆனால், பெற்றோர்களே, சற்று யோசியுங்கள். தாத்தா பால்மரம் சீவியது குடும்பத்துக்குப் பெருமை. அதைப் பேரன் தான் பட்ட பாடாகக் காட்டினால், "சரி, நீ என்ன செய்தாய்?" என்று ஒரு கேள்வி வந்தாலே வாயடைத்துப் போவான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும், சட்டம் படிக்க மனுச் செய்தவர்களில் பொறுக்கி எடுத்தவர்களுக்கு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு. இரவல் கதை அங்கே நிற்காது.

அப்படியானால் கேட்பதுதான் என்ன? பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு யூக்காஸ் என்ற பொது அமைப்பின் வழியாக மனுச் செய்ய வேண்டும். 2026 சேர்க்கை முதல் அதில் மூன்று கேள்விகள். இந்தப் படிப்பு ஏன் வேண்டும்? இதுவரை படித்தது எப்படி உதவும்? பள்ளிக்கு வெளியே என்ன செய்து தயாரானாய்? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட, 4,000 எழுத்துகள். 'என்ன துன்பம் பட்டாய்?' என்ற கேள்வியே இல்லை!

நம் பையனுக்கு எழுத விஷயம் கடை வாசலிலேயே இருக்கிறது. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ்கோர்ஸ் சாலையில் பேருந்து மோதி இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்தார், கலவரம் மூண்டது. விசாரணைக் குழு 2014-இல் அறிக்கை தந்தது. 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தீவு முழுவதும் தடை. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் வார இறுதியில் இன்னும் கடுமை.

மற்ற வட்டாரங்களுக்கு இல்லாத கண்டிப்பு நம் தெருவுக்கு ஏன்? அதனால் யாருக்கு நிம்மதி, யாருக்கு நஷ்டம்? பையன் அந்த அறிக்கையைப் படிக்கட்டும், சட்டத்தையும் படிக்கட்டும். கடைக்காரர், குடியிருப்பவர், ஞாயிறு மாலை நண்பர்களைத் தேடி வரும் தொழிலாளி ஆகிய மூவரையும் விசாரிக்கட்டும். முதலில் தான் நினைத்தது எங்கே மாறியது என்பதையும் எழுதட்டும். சட்டம் படிப்பவனுக்கு வேண்டிய புத்தி அதில் தெரியும்.

உண்மையாகவே கஷ்டப்பட்ட பிள்ளை அதைத் தாராளமாக எழுதலாம். ஆனால் கண்ணீரோடு நிறுத்திவிடாமல், அதிலிருந்து எழுந்து என்ன செய்தது என்றும் சொல்ல வேண்டும்.

வக்கீலாகப் போகிற பிள்ளை தன் பெயரில் கொடுக்கும் முதல் வாக்குமூலம் அந்த பாரம்தான். அதிலேயே பொய்ச்சாட்சி சொல்லலாமா?