உரோமாபுரிச் சிறுவரும் ஓர் ஆசிரியரின் பிரம்பும்

பண்டைய உரோமாபுரி என்றதும் படையும் போரும் பேரரசுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகரத்து வீடுகளில் குழந்தைகள் எவ்வாறு வளர்ந்தனர் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இரத்மலானையில் பல்லாண்டுகள் பாடஞ்சொல்லி ஓய்வுபெற்ற எனக்கும் அவ்வெண்ணம் காலந்தாழ்த்தியே வந்தது.

உரோமர் பெண்மகவுக்கு எட்டாம் நாளும் ஆண்மகவுக்கு ஒன்பதாம் நாளும் பெயரிட்டனர். உரிமைக்குடியிற் பிறந்த ஆண்பிள்ளையின் கழுத்தில் ‘புல்லா’ என்னும் காப்பணி தொங்கும். ஆடவர்க்குரிய வெள்ளாடையை முதன்முதல் அணியும் நாளில், அவன் அதனைக் கழற்றி இல்லுறை தெய்வங்களுக்குப் படைப்பான். நம்மவர்க்கு இது புதுமையன்று. இளமையிலேயே போர்க்களம் புகுந்த பாண்டியன் நெடுஞ்செழியன், சிறுவர் அணியும் தாலியையும் இன்னும் களையவில்லை என இடைக்குன்றூர் கிழார் வியந்து பாடியதைப் புறநானூறு கற்றோர் அறிவர். கடல்கள் பல இடைப்பட்டும் பெற்றோர் உள்ளத்து அச்சம் ஒன்றே.

ஆனால், தந்தையின் அதிகாரமோ அங்கே அளவிறந்தது. கி.மு. 451–450இல் வகுக்கப்பட்ட பன்னிரு பலகைச் சட்டத்தின்படி, தந்தை மும்முறை விற்ற பின்னரே மகன் அவனது ஆட்சியினின்று விடுபடுவான். பிறந்த சிசுவை ஏற்காது வெளியே விட்டுவிடுதலும் உண்டு. பள்ளியிலோ பிரம்பே ஆண்டது.

அத்தகைய நாட்டில் பிரம்பை மறுத்து எழுதியவர் குயின்டிலியன். ஸ்பானிய மண்ணிற் பிறந்த அவர், வெஸ்பாசியன் காலத்தில் அரசுச் சம்பளம் பெற்றவர். 20 ஆண்டுகள் சொற்கலை கற்பித்தவர். அடித்தல் அடிமைக்குரிய அவமதிப்பு. அடிக்குப் பழகியவன் அதனால் திருந்தான். ஆசிரியன் உடனிருந்து கவனித்தால் அடிக்கும் தேவையே எழாது. இவை தமது 12 பகுதிகொண்ட கல்வி நூலில் அவர் காட்டும் காரணங்கள். அந்நூலை எழுதிவருகையிலேயே அவர் தம் மூத்த மகனையும் இழந்தார். மனைவியும் இளைய மகனும் முன்னரே மறைந்துவிட்டனர். நோயில் அறிவு தடுமாறிய வேளையிலும் அச்சிறுவனின் நினைவு பள்ளியையும் எழுத்தையுமே சுற்றி அலைந்தது என்று அத்தந்தை எழுதுகிறார்.

அவ்விடத்தைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். என் வகுப்புச் சிறுவன் ஒருவன் கண்முன் நின்றான். வீட்டுக்குக் கொடுத்த கணக்கைச் செய்யாது வந்தமைக்காக ஒருநாள் அவனை அடித்தேன். அவன் அழவில்லை. மறுநாளும் கணக்குச் செய்யப்படவில்லை. நான் வாய்திறக்குமுன்னரே அவன் கையை நீட்டினான்.

சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரி ஆசிரியர் ஒருவர் கண்ட உண்மையை அந்தச் சிறு கை எனக்குச் சொல்லிற்று. அன்று அது எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறையும் அடித்தேன். ஏன் செய்யவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. ஆசிரியத் தொழில் பூண்ட அன்பர்கள் அக்கேள்வியை முதலிற் கேட்பார்களாக.