காணாமல்போகும் பூஜ்யம்... எக்ஸெல்லில் புரோகிராம் எழுதுபவர்கள் கவனத்துக்கு!

ஓசூர் என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, சிப்காட் தொழிற்பேட்டை. டி.வி.எஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகளும், உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் நிறைந்த ஊர் இது. இன்னொன்று, பசுமைக்குடில் ரோஜா. காதலர் தினம் நெருங்கினால் இந்தப் பூக்கள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறும்.

இரும்பு வியாபாரமோ, பூ வியாபாரமோ... கணக்கு என்று வந்துவிட்டால் எக்ஸெல்தான். வருகைப்பதிவு, சம்பளம், சரக்கு இருப்பு, இன்வாய்ஸ் எல்லாவற்றுக்கும் அதே கட்டங்கள். ஒரு மென்பொருளில் இருக்கும் தகவலைப் பார்த்துப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்வது அலுப்பான வேலை. அதனால், சிறு புரோகிராம் எழுதி அந்த வேலையை கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுகிறார்கள்.

எப்படி நடக்கிறது?

எக்ஸெல்லுக்குள்ளேயே இருக்கும் மேக்ரோ மொழியான வி.பி.ஏ 1993-ல் வந்தது. இப்போது பலரும் பைத்தான் மொழியில் ‘ஓபன்பைஎக்ஸெல்’ என்ற இலவசத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். எந்த ஃபைல், எந்த ஷீட், எந்த செல், என்ன மதிப்பு என்ற நான்கையும் சொன்னால் போதும். ஆயிரம் வரிகளை நொடிகளில் எழுதிவிடும். ஆனால், தவறையும் அதே வேகத்தில் ஆயிரம் வரிகளில் எழுதிவிடும்!

எங்கெல்லாம் சறுக்கும்?

ரோஜாவையே எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி ஆவணங்களில் புதிய ரோஜாவுக்கான குறியீடு 06031100. புரோகிராம் இதை எண்ணாக எழுதினால் முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்து, 6031100 என்று ஏழு இலக்கமாகிவிடும். பூஜ்யத்தில் தொடங்கும் உதிரிபாக எண்களுக்கும் இதே கதிதான்.

அடுத்தது சம்பளப் பட்டியல். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே சரியாக வைத்திருக்கும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கமாக இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் அவர் கைக்கு வராமல் நிற்க இந்த ஓர் இலக்கம் போதும்.

மூன்றாவது, ஃபார்முலா. ஓபன்பைஎக்ஸெல்லில் ‘மதிப்பு மட்டும்’ என்ற முறையில் ஒரு ஃபைலைத் திறந்து, அதே பெயரில் சேமித்தால், ஃபார்முலாக்கள் அழிந்து வெறும் எண்கள் மிஞ்சும். அடுத்த மாதம் புதிய தகவலை எழுதினாலும், ‘மொத்தம்’ பழைய தொகையையே காட்டிக்கொண்டிருக்கும்.

இவை எதிலும் எச்சரிக்கை மணி அடிக்காது என்பதுதான் சிக்கல். 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் சேர்த்துவந்தார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை விடுபட்டதால், 15,841 தொற்றுகள் உரிய நாளின் கணக்கில் வரவில்லை. அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

என்ன செய்யலாம்?

* கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்கள் எல்லாமே எழுத்துதான். குறியீடு, கணக்கு எண், போன் எண் ஆகியவற்றைப் படிக்கும்போதும் எழுதும்போதும் ‘டெக்ஸ்ட்’ ஆகவே வையுங்கள். வி.பி.ஏ என்றால், முதலில் செல்லின் வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

* மூல ஃபைலில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து, தேதியுடன் வேறு பெயரில் சேமியுங்கள்.

* தகவலுக்கு ஒரு ஷீட், ஃபார்முலாவுக்கு ஒரு ஷீட் எனப் பிரித்துவிடுங்கள். புரோகிராம் முதல் ஷீட்டில் மட்டும் எழுதட்டும்.

* விண்டோஸில், ஃபைல் எக்ஸெல்லில் திறந்திருந்தால் பைத்தானால் அதில் சேமிக்க முடியாது. மூடிவிட்டு ஓட்டுங்கள்.

* எழுதி முடித்ததும் புரோகிராமே ஃபைலை மறுபடி திறந்து, வரிகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் மூலத்தோடு ஒப்பிடட்டும். பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கட்டும்.

கடைசி வேலைக்கு நான்கைந்து வரி கோடிங் போதும். அந்தச் சில வரிகள் இருந்தால், சம்பள நாளில் ஒருவர் வங்கி வாசலுக்கும் அலுவலகத்துக்கும் அலைய வேண்டியிருக்காது.