பழைய கார் வாங்கப் போகிறீர்களா? ஒரு காந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள்

சென்ற ஆண்டு, எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், ஒரு பழைய கார் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்" என்றார்.

"எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்களேன்" என்றேன்.

"மெக்கானிக்கும் வருகிறார் சார். ஆனால் அவரை அழைத்து வருவதே புரோக்கர்தான்."

அவருடைய தாயாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. மருத்துவமனை முப்பது கிலோமீட்டர் தொலைவில். இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டும். திரும்பும்போது அம்மாவுக்கு நிற்கக்கூட முடிவதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடனும் கைச் சேமிப்பும் சேர்த்து அவரிடம் இருந்தது இரண்டரை லட்சம் ரூபாய். அதில் தவறு நேர்ந்தால் மறுபடி அந்தத் தொகையைச் சேர்க்க அவருக்கு ஐந்து ஆண்டுகள் ஆகும். எனவே ஒப்புக்கொண்டேன். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சிறு காந்தம், ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச் விளக்கு ஆகிய மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

காந்தம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டில் இரும்பு பீரோ இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு சிறு காந்தத்தை பீரோக் கதவில் ஒட்டுங்கள். பிறகு காந்தத்துக்கும் கதவுக்கும் இடையே முகவரி அட்டை ஒன்றைச் செருகுங்கள். அடுத்து இரண்டு, மூன்று, நான்கு என்று கூட்டிக்கொண்டே போங்கள். பிடிப்பு அளவோடு குறைவதில்லை, மளமளவென்று குறைகிறது. சில அட்டைகளுக்குள்ளேயே காந்தம் வழுக்கி விழுந்துவிடும். இடைவெளி கூடும்போது காந்தக் கவர்ச்சி மிக விரைவாகத் தேய்ந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

தொழிற்சாலையில் கார்த் தகட்டின்மேல் பூசப்படும் வண்ணப் படலங்கள் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் மோதி நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி, மேடு பள்ளம் தெரியாமல் பட்டி பார்த்து, மேலே வண்ணம் அடித்திருந்தால், அந்தப் பட்டி மட்டும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தடிமன் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டைக் காந்தம் கண்டுபிடித்துச் சொல்கிறது. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வண்ணத்தில் கீறல் விழுந்து வீண் சண்டை வரும். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது, அங்கே காந்தம் ஒட்டாது. இதைக் கண்டு பதற வேண்டாம்.

கதவின் அடிப்பகுதியிலோ பின் மட்கார்டிலோ கொஞ்சம் பட்டி இருந்தால் நான் பெரிதாக எண்ண மாட்டேன். நம் ஊர்த் தெருக்களில் பத்து ஆண்டு ஓடிய வண்டியில் உரசலே இல்லை என்றால்தான் வியப்பு. கூரையைத் தாங்கும் தூண்கள், கதவு நிலைகள், பானெட்டைத் திறந்தால் இரு புறமும் தெரியும் நீண்ட சட்டங்கள் ஆகிய இவைதாம் முக்கியம். விபத்தின்போது காரின் இயக்க ஆற்றல் முழுவதையும் ஏதோ ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பகுதிச் சட்டங்கள் மடங்கி அதை வாங்கிக்கொள்கின்றன. தூண்கள் மடங்காமல் நின்று உள்ளே இருப்பவர்களைக் காக்கின்றன. ஒரு முறை மடங்கி, வெட்டி ஒட்டவைக்கப்பட்ட சட்டம், இரண்டாம் முறையும் அதே போல் வேலை செய்யும் என்று யாரும் உறுதி கூற முடியாது. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒன்பது மீட்டருக்குள் நிற்கக்கூடிய கார், 80 கி.மீ. வேகத்தில் அதே பிரேக்குடன் நிற்க முப்பத்தைந்து மீட்டர் கேட்கும். இதில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க எடுக்கும் நேரம் சேரவில்லை.

திண்டுக்கல் புறவழிச் சாலை ஓரத்தில் எங்களுக்காகக் காத்திருந்த அந்த முதல் கார் புத்தம் புதிது போல் பளபளத்தது. நண்பரின் முகம் மலர்ந்துவிட்டது. காலை ஒன்பது மணி. "இன்றைக்கு இன்னும் ஸ்டார்ட்டே செய்யவில்லை" என்றார் புரோக்கர். நான் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்தேன். நல்ல சூடு.

எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைப்பது ஏன்? குளிர்ந்த எஞ்சின் உண்மை பேசும். பெரும்பாலான கார்களில் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது; அது நகரும் சிலிண்டரின் உட்சுவர் இரும்பு. ஒரே அளவு வெப்பநிலை உயரும்போது அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. ஆகவே குளிர்ந்த நிலையில் இரண்டுக்கும் இடைவெளி அதிகம், சூடேறியதும் குறைந்துவிடும். தேய்ந்துபோன எஞ்சினில் காலையில் 'டக், டக்' என்று கேட்கும் ஓசை, பத்து நிமிடம் ஓடிய பின் மறைந்துவிடுவது இதனால்தான். வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் கெட்டிருந்தால், இரவு முழுவதும் எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து உள்ளே இறங்கியிருக்கும். காலையில் முதல் முறை கிளப்பும்போது நீல நிறப் புகையாக ஒரு தடவை வெளியே வரும். அதன் பிறகு வராது. ஆகவே, வாங்கப் போகும் காரைக் காலையில் அதன் உரிமையாளர் எழுந்திருக்கும் முன்பே போய்ப் பார்ப்பது நல்லது.

புகையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, செலவு பெரிது. பெட்ரோல் காரில் கறுப்புப் புகை வந்தால் காற்றின் அளவுக்கு ஏற்றதை விட எரிபொருள் மிகுதியாகப் போகிறது. பெரும்பாலும் சிறு பழுதே. வெள்ளைப் புகையைக் கண்டுதான் பலரும் ஏமாறுகிறார்கள். காலை நேரத்தில் சைலன்சர் முனையில் வெண்மையாகச் சிறிது ஆவி வருவதும் நீர் சொட்டுவதும் இயல்பு. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அதில் ஒரு பகுதி துளிகளாகிறது, அவ்வளவுதான். ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் அடர்த்தியான வெண்புகை நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் புகுகிறது என்று ஐயப்படுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். எண்ணெயும் நீரும் கலந்து பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பாக ஒட்டியிருந்தால் அந்தக் காரை விட்டு நகர்ந்துவிடலாம்.

ஆனால் ஆர்வத்தில் சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். அது நம் வீட்டு குக்கர் போன்றது. உள்ளே அழுத்தம் மிகுதியாக இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

மல்டிமீட்டருக்கு வருவோம். கார் பாட்டரியில் ஆறு கலங்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். ஆகவே முழுமையாக மின்னேற்றப்பட்டு ஓய்வில் இருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பும் அந்த ஓரிரு நொடியில் மீட்டரைக் கவனியுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பாட்டரியின் அகமின்தடை 0.02 ஓம் ஆக இருந்தால் நூறு ஆம்பியரில் 2 வோல்ட் உள்ளேயே இழக்கப்படும். பாட்டரி மூப்படைந்து அகமின்தடை கூடியிருந்தால் இழப்பும் கூடும். முள் பத்து வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டால் புதுப் பாட்டரிக்குப் பணம் எடுத்து வையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நாம் செய்யும் அதே சோதனைதான் இது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் சுமார் 14 வோல்ட் காட்டினால் ஆல்டர்னேட்டர் மின்னேற்றுகிறது என்று பொருள்.

இன்னொன்று. சாவியைப் பாதி திருப்பியதும் முகப்பில் எஞ்சின் படம் போட்ட விளக்கும் காற்றுப்பை விளக்கும் எரிந்து, சிறிது நேரத்தில் அல்லது எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. தொடக்கத்திலிருந்தே எரியாவிட்டால் அதைவிட மோசம். பழுதை மறைக்க யாரோ இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம்.

அந்தப் பளபளப்பான காரில் ஓட்டுநர் கதவுக்கு முன்னுள்ள தூணில் காந்தத்தை வைத்தேன். நிற்கவில்லை, வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபுறத் தூணில் வைத்தேன், கப்பென்று ஒட்டிக்கொண்டது. "அது சின்ன உரசல் சார்" என்றார் புரோக்கர். உடன் வந்த மெக்கானிக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் ஏற்கெனவே ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். அது திரும்பி வரவே இல்லை.

இரண்டாவது காருக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஓய்வு பெற்ற தபால் ஊழியர் ஒருவருடையது. பானெட்டில் வண்ணம் வெளுத்திருந்தது, இருக்கை உறை கிழிந்திருந்தது. ஆனால் காந்தம் எல்லாத் தூண்களிலும் ஒட்டியது. காரின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தி விட்டுப் பார்த்தோம். சுருள்வில் மட்டும் இருந்தால் கார் ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த அலைவை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. விட்டதும் மேலெழுந்து, ஒரு முறைக்கு மேல் ஆடாமல் நிற்க வேண்டும். பின்பக்கம் இடது மூலை மட்டும் மூன்று முறை ஆடிற்று. குறித்துக்கொண்டோம்.

டயர்கள் ஒரு காரின் நாட்குறிப்பு எனலாம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறார்கள்; நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி; ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் சரியில்லை, சட்டம் வளைந்தும் இருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் மூப்படைந்து வெடித்துவிடும். இந்தக் காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுப் பழசு. கார் ஓடிய தூரமாக மீட்டரில் கண்ட எண்ணை நான் எங்கும் அப்படியே நம்புவதில்லை. பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டியரிங் வளையத்தின் வழவழப்பும் அந்த எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 2015 டிசம்பரில் சென்னையிலும் அதன் பின் வந்த மழைகளிலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. கழுவித் துடைத்துவிட்டால் தெரியாது. இருக்கைப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்; உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். டிக்கியில் உபரிச் சக்கரத்தை எடுத்துவிட்டு அடியில் டார்ச் அடியுங்கள். ஈரம் புகுந்த மின்னிணைப்புகளில் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் மெதுவாக மின்பகுப்பு நடத்திக்கொண்டே இருக்கும். செம்பு பச்சை பூத்து, ஓராண்டு கழித்து நடுவழியில் கார் நிற்கும்.

எந்தக் கார் என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது: அதே பணத்துக்குப் பழைய பெரிய காரை விடப் புதிய சிறிய கார் மேல். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக்கும், அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பையும் கட்டாயமாயின. பதினைந்து ஆண்டு முடியப் போகும் காரையும் தவிர்த்துவிடலாம். மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. மேலும் 2023 ஏப்ரலுக்கு முந்திய கார்கள் பல, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. ஆதலால் மைலேஜ் சிறிது குறையும். ரப்பர்க் குழாய்களையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

நண்பர் அந்தத் தபால்காரர் காரையே வாங்கினார். டயரும் ஷாக் அப்சார்பரும் காட்டி இருபதாயிரம் ரூபாய் குறைத்தோம். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் உரிமையாளர் எங்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார்; பழைய வங்கிக் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 முன்பே கொடுக்கப்பட்டு, ஆர்.சி.யில் கடன் குறிப்பு நீங்கியிருந்தது. காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

முதல் நாள் நான்கு டயர்களையும் மாற்றிவிட்டு, மறுநாள் அம்மாவை முன் இருக்கையில் அமர்த்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். காந்தம் இன்னும் அவரிடமேதான் இருக்கிறது. அவருடைய மைத்துனர் ஒருவர் கார் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.