விறைப்புக் குறைபாடு: பரவலும் இடர்க்காரணிகளும்

முன்னுரை

தமிழ் வழக்கில் 'ஆண்மைக்குறைவு' என்னும் சொல் விறைப்பின்மை, விந்து முந்துதல், மகப்பேறின்மை ஆகிய மூன்று வேறு நிலைகளையும் ஒருங்கே சுட்டுகிறது. இவற்றுள் முதலாவதை 'விறைப்புக் குறைபாடு' எனப் பிரித்து வழங்குவதே பொருத்தமாகும். மனநிறைவான உடலுறவுக்குப் போதிய விறைப்பை எய்தவோ நிலைநிறுத்தவோ இயலாமை என 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு இதனை வரையறுத்தது. 'ஆற்றலின்மை' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லையும் அம்மாநாடு கைவிடப் பரிந்துரைத்தது. இக்குறைபாட்டின் பரவலையும் இடர்க்காரணிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பரவல்

1987 முதல் 1989 வரை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையிலான ஆடவரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வில் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் அளவில் இக்குறைபாடு இருந்தது. முழுமையான குறைபாடு ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. மைசூர் அருகே ஊரக மக்களிடம் செய்யப்பெற்று 2015இல் வெளியான ஆய்வு, ஆடவருள் ஏறத்தாழ 16 விழுக்காட்டினரிடம் இதனைக் கண்டது. வயது வரம்பும் வினவும் முறையும் வேறுபடுவதால் இவ்வெண்களை நேராக ஒப்பிடலாகாது. எனினும் இஃது அரிய நோயன்று என்பது தெளிவாகிறது.

இடர்க்காரணிகள்

விறைப்பு என்பது இரத்த ஓட்ட நிகழ்வு. நரம்புகளும் இரத்தக்குழாயின் உட்சுவரும் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசையைத் தளர்த்த, இரத்தம் நிறைகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகைக் கொழுப்பு, புகைபிடித்தல், உடற்பருமன் ஆகியன அவ்வுட்சுவரைச் சிதைக்கின்றன. ஆண்குறித் தமனியின் விட்டம் 1 முதல் 2 மி.மீ.; இதயத் தமனியின் விட்டம் 3 முதல் 4 மி.மீ. ஆகவே அடைப்பின் விளைவு சிறிய குழாயில் முதலில் புலப்படுகிறது. இதய நோய் வெளிப்படுவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்னரே இக்குறைபாடு தோன்றக்கூடும் என்பர். மனச்சோர்வும், தயசைடு போன்ற சில இரத்த அழுத்த மருந்துகளும் காரணமாகலாம்.

இவற்றுள் தமிழகத்திற்கு முதன்மையானது நீரிழிவு. 145 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு, நீரிழிவுடைய ஆடவருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் விறைப்புக் குறைபாடு உள்ளதென்றும், பிறரை நோக்க அவர்க்கு வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்றும் காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நிகழ்ந்து 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, நீரிழிவின் அளவு இந்தியாவில் 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு.

வினவப்படாத வினா

2021இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் இல்லத்திற்கே வருகின்றன. அவற்றைக் கொணர்வோர் பெரும்பாலும் அவ்வூர் மகளிர் தன்னார்வலர். அவர்களிடம் ஓர் ஆடவர் இக்குறையை உரைப்பது அரிது. மாத்திரையே காரணமென ஐயுற்று அதனைத் தாமே நிறுத்திவிடுவோர்க்குப் பக்கவாதமும் மாரடைப்பும் நேரக்கூடும். நாணத்தால் மறைப்போரைப் போலி வைத்தியம் ஈர்க்கிறது. பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும் அவை மறையவில்லை. இதய நோய்க்கு நைட்ரேட் உட்கொள்வோர் சில்டெனாபில் கலந்த மருந்தை அறியாது உண்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

முடிவுரை

உடற்பருமனுடைய ஆடவரிடம் இத்தாலியில் நிகழ்ந்து 2004இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மேற்கொண்டோருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் இரண்டாண்டுகளில் இயல்புநிலை எய்தினர். எனவே இக்குறைபாடு மாற்றத்தக்கது. இதயத்திற்கு முன்னெச்சரிக்கையும் ஆகும். மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் அமைந்த, நெசவு வாழ்க்கை சூழ்ந்த காஞ்சிபுரம் ஏனாத்தூர் போன்ற ஊர்கள் இதற்கான களஆய்வுக்கு ஏற்றவை. நீரிழிவுடையோரிடம் கண்ணையும் பாதத்தையும் குறித்து வினவுவதுபோல் இதனையும் தனிமையில் வினவுதல் வேண்டும். 'ஆண்மை' என்னும் சொல்லை நோயின் பெயரிலிருந்து நீக்குவது அவ்வினாவை எளிதாக்கும் முதற்படி எனலாம்.